சர்ப்ரைசிங்லி, டீ நன்றாக இருந்தது

அந்த ஞாயிற்றுக்கிழமை மலையடிவார ஊரான விதுராவில் ரைட்டர் தங்கராஜ் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: எங்கள் தரப்பில் அப்பா, அம்மா, சுடலை மாமா, மாமி, நான். அவர்கள் தரப்பில் ரைட்டர், அவர் மனைவி, மகன் சதீஷ். இல்லாதவள் என் அக்கா வடிவு. கல்யாணம் அவளுக்குத்தான். ஆனால் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகும்போது பெண்ணை அழைத்துப் போகிற வழக்கம் எங்களிடம் இல்லை. பெண்ணின் தம்பியையும் அழைத்துப் போகக் கூடாது என்று முன்னோர்கள் விதித்திருந்தால், இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

ஒரு மனிதரை நேருக்கு நேராகத் திட்டிவிட்டால், பிறகு கையைப் பிடித்துச் சமாதானம் சொல்லலாம். அவரிடம் உள்ள நல்லதைப் பார்த்து ஆச்சரியப்பட்டுவிட்டால் முடிந்தது கதை. இதை எல்லாரும் பத்து வயதுக்குள் தெரிந்துகொள்கிறார்கள். எனக்கு இருபத்து நாலாவது வயதில், ஏழு பேர் முன்னிலையில் தெரிந்தது.

எங்கள் வீடு மலையாள நாட்டுத் தலைநகரில், ஆரியசாலையில், மிளகாய் மொத்த வியாபாரக் கிடங்குகளுக்குப் பின்னால் உள்ள சந்தில். அப்பா மூட்டை சுமப்பவர். அம்மா அதே கிடங்கில் மிளகாய்க் காம்பு கிள்ளுகிறவள். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து மட்டும் பார்த்தவர்கள். அக்கா ஐந்தாவதோடு நின்று தையலுக்குப் போனாள். அவள் மிதித்த மெஷினில்தான் நான் பி.காம். வரை ஓடினேன்.

குடும்பத்தில் ஒருவன் மட்டும் படித்திருந்தால் அவன் படும் பாடு தனி. கரண்ட் பில், மாத்திரை அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் என்னிடம் வரும். ஒருமுறை பக்கத்து வீட்டு ஆடு தீனி எடுக்கவில்லை என்று அதையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். “அவன் படிச்சவன்லா, அவன்கிட்ட கேளு” என்றார் அப்பா. (நானும் ஆட்டின் நாக்கைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.)

படித்ததெல்லாம் மலையாளத்தில். இங்கிலீஷ் வாசிக்க வரும், எழுதவும் வரும், வாயைத் திறந்தால் மட்டும் வராது. ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை கிடைத்ததும், தம்பானூரில் ஒரு லாட்ஜின் மூன்றாவது மாடியில் நடந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். அங்கே இருந்த சார் முதல் நாளே ரகசியத்தை உடைத்துவிட்டார். வாக்கியத்தை மொட்டையாகத் தொடங்கக் கூடாதாம். முன்னால் ஒரு சொல்லைப் போட்டுத் தொடங்கினால், கேட்கிறவன் நிமிர்ந்து உட்காருவானாம். பலகையில் ஆறேழு சொற்களை எழுதி, ஆளுக்கொன்றைச் சொந்தமாக்கிக்கொள்ளச் சொன்னார்.

‘ஃபார்ச்சுனேட்லி’ சொல்லுமளவுக்கு எனக்கு அதிர்ஷ்டம் எதுவும் நடந்திருக்கவில்லை. ‘ஆப்வியஸ்லி’ சொல்லுமளவுக்கு எதுவும் தெளிவாகத் தெரிந்ததும் இல்லை. ஆனால் ஆச்சரியம் மட்டும் தினமும் இருந்தது. லிஃப்ட் கதவு தானாகத் திறப்பது, ஆபீசில் என்னை ‘மிஸ்டர்’ போட்டுக் கூப்பிடுவது, சம்பளம் சொன்ன தேதியில் வருவது, எல்லாமே ஆச்சரியம்தான். எனவே ‘சர்ப்ரைசிங்லி’யை எடுத்துக்கொண்டேன். அர்த்தம் தெரியாமல் இல்லை. அதன் அர்த்தம் எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்த நகரத்தில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

அடுத்த நாளே ஆடிட்டரிடம், “சர்ப்ரைசிங்லி சார், யுவர் டோட்டல் இஸ் கரெக்ட்” என்றேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். (பாராட்டைத் தாங்க முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, மரியாதையாக வெளியே வந்துவிட்டேன்.)

இந்த நிலையில்தான் அக்காவுக்கு விதுராவிலிருந்து சம்பந்தம் வந்தது. அவளுக்கு அப்போது இருபத்தொன்பது. அதற்குமுன் மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. சதீஷ் அங்கே வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கும் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். கோயிலில் வைத்துப் பெண் பார்த்தார்கள். பிடித்துப்போயிற்று. ஒரு மாதமாகப் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா மெஷின் மிதித்துக்கொண்டே தனியாகச் சிரிக்க ஆரம்பித்திருந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

வீடு பார்க்கக் கிளம்பும்போது என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டாள்.

“லே, நீ படிச்சவன். பதமா பேசு. ஏதாச்சும் கொறை தெரிஞ்சாலும் பெருசாக்காத. எனக்கு இவரு போதும்.”

“நான் பார்த்துக்கிடுதேன்க்கா” என்றேன். (பார்த்துக்கொண்டேன்.)

வாடகை ஆம்னியில் நெடுமங்காடு தாண்டியதும் சுடலை மாமா வாயைத் திறந்தார். மாமா வாரம் ஒருமுறை வெங்காய லோடோடு விதுரா சந்தைக்குப் போகிறவர். அங்கே டீக்கடையில் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரித்திருந்தார்.

“நல்லாக் கேட்டுக்கோ. கக்கூஸ் வெளிய, அம்பது அடி நடக்கணும். அடுக்களைக்குள்ள கொரங்கு வரும். மாப்பிள்ளைக்க அப்பன் மத்தியானத்துக்கு மேல நிக்க மாட்டாரு, தண்ணி. அந்தம்மா சத்தம் போட்டா சந்தை வரைக்கும் கேக்குமாம்.”

அம்மா கலங்கிப்போனாள். “நல்லதா ஒண்ணு கூட விசாரிக்கலியா அண்ணே?”

“நல்லதை அவங்களே சொல்லுவாங்க. அதுக்கு நான் எதுக்கு?”

போய் இறங்கினோம். ரைட்டர் வாசலுக்கு வந்து கைகூப்பினார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வேட்டி. போனகாடு பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் முப்பது வருஷம் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மானேஜர் சொல்லச் சொல்ல இங்கிலீஷில் கடிதம் அடிப்பதுதான் அவருடைய வேலை. மணி பன்னிரண்டரை. மனிதர் ஸ்டெடியாக நின்றார். அவர் மனைவி பேசியது பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவு மெல்லிய குரல். மாமி கைகழுவுகிற சாக்கில் வீட்டைச் சுற்றி வந்து, அம்மாவின் காதில், “உள்ளயே இருக்கு. டைல்ஸ் போட்டிருக்கு. பைப்ல தண்ணி வருது” என்று ரிப்போர்ட் கொடுத்தாள். குரங்கு எதையும் காணோம். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வந்தன. கடைசியாக டீ வந்தது. அப்படி ஒரு டீயை நான் அதற்குமுன் குடித்ததில்லை.

எனக்குள் ஆச்சரியம் பொங்கியது. எத்தனை பொய் சொல்லியிருக்கிறார்கள் இந்த நல்லவர்களைப் பற்றி!

சாப்பாடு முடிந்ததும் பெண் வீட்டார் சார்பில் ஒருவர் எழுந்து, ‘எங்களுக்குத் திருப்தி’ என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால்தான் நிச்சயத்துக்கு நாள் குறிப்பார்கள். இரண்டே சொற்கள். வழக்கமாக மாமன்தான் சொல்வார். மாமா துண்டைச் சரிசெய்துகொண்டு எழப் போனார். அப்பா அவர் தொடையில் கையை வைத்து அழுத்தினார்.

“இருங்க மச்சான். சம்பந்தி இங்கிலீஷ் தெரிஞ்ச ஆளு. நம்மகிட்டயும் ஒருத்தன் உண்டுன்னு அவருக்குத் தெரியண்டாமா?” பிறகு என்னிடம், “எந்திலே. பேசு. இங்கிலீஷ்ல.”

வாழ்நாளில் முதல்முறையாக அப்பா ஒரு சபையில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். எழுந்தேன். தொண்டையைச் செருமினேன். அக்கா பதமாகப் பேசச் சொல்லியிருந்தாள். ஊரார் சொன்ன ஒவ்வொரு பொய்யையும் எடுத்து, அது பொய் என்று சபையில் சான்றிதழ் கொடுப்பதைவிடப் பதமான காரியம் எது?

“சர்ப்ரைசிங்லி, யுவர் ஹவுஸ் இஸ் வெரி கிளீன்” என்று தொடங்கினேன்.

ரைட்டர் புன்னகையோடு தலையசைத்தார்.

“சர்ப்ரைசிங்லி, தி டாய்லெட் இஸ் இன்சைட்.”

தலையசைப்பு நின்றது.

“சர்ப்ரைசிங்லி, நோ மங்கி இன் தி கிச்சன். சர்ப்ரைசிங்லி, ஆன்ட்டி இஸ் ஸ்பீக்கிங் சாஃப்ட்லி. சர்ப்ரைசிங்லி, அங்கிள் இஸ் நாட் டிரங்க்.” கடைசியாக, மனம் நிறைந்து, டம்ளரை உயர்த்திக் காட்டி, “சர்ப்ரைசிங்லி, தி டீ இஸ் ஆல்சோ குட். வி ஆர் சாட்டிஸ்ஃபைடு” என்று முடித்தேன்.

மாமி கைதட்டினாள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா ரைட்டரின் பக்கம் திரும்பி, “சர்க்கார் பள்ளிக்கூடத்துலதான் படிச்சான்” என்றார். சதீஷ் மட்டும் கைதட்டப் போனவர், தன் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்தக் கையாலேயே தலையைச் சொறிந்துகொண்டார்.

ரைட்டர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“அண்ணாச்சி, தம்பி என்ன பேசினாருன்னு உங்களுக்குப் புரிஞ்சுதா?”

“எங்களுக்கு எங்க புரியுது? நீங்கதான் சொல்லணும்” என்றார் அப்பா, பெருமை தாங்காமல்.

“சொல்லுதேன்.” ஆபீசில் கடிதம் வாசித்துக் காட்டுகிற நிதானத்தோடு அவர் மொழிபெயர்க்கத் தொடங்கினார். “எங்க வீடு சுத்தமா இருக்காம். தம்பிக்கு ஆச்சரியமா இருக்கு. கக்கூஸ் உள்ள இருக்காம், ஆச்சரியம். அடுக்களையில கொரங்கு இல்லியாம், ஆச்சரியம். என் வீட்டுக்காரி மனுஷங்க மாதிரி பேசுதாளாம், ஆச்சரியம். பட்டப்பகல்ல நான் குடிக்காம இருக்கேனாம், ஆச்சரியம்.”

மாமியின் கைகள் மடிக்குத் திரும்பின. அப்பாவின் நெஞ்சிலிருந்து காற்று இறங்குவதை என்னால் பார்க்க முடிந்தது.

“இதெல்லாம் சாரமில்ல, விட்டுருவேன். டீ நல்லா இருக்காம். அதுவும் ஆச்சரியமாம். முப்பது வருஷம் தேயிலைக்குள்ளயே கெடந்தவன் வீட்டுல டீ நல்லா இருக்குறது உனக்கு ஆச்சரியமாப் போச்சா தம்பி?”

“இல்ல சார், நல்லா இருக்குன்னுதான்...”

“எனக்குத் தெரியாத வார்த்தையா அது? எங்க மானேஜர் துரை யாரையாவது கழுவி ஊத்தணும்னா இதை வெச்சுத்தான் லெட்டரை ஆரம்பிப்பாரு. ‘சர்ப்ரைசிங்லி, உங்க கணக்குல இந்த மாசம் தப்பு இல்ல’ம்பாரு. வாங்குன ஆளு ரெண்டு நாள் சோறு திங்க மாட்டான். நானேதான் அடிச்சேன் அதெல்லாம்.”

அந்த நிமிடம் ஆடிட்டரின் முகம் என் கண் முன்னால் வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்திருக்கலாம். ஆனால் நான் படித்தவன் அல்லவா? விளக்கம் கொடுத்தேன்.

“அப்படி இல்ல சார். கக்கூஸ் வெளிய, கொரங்கு வரும், நீங்க குடிப்பீங்கன்னெல்லாம் கேள்விப்பட்டுத்தான் வந்தோம். ஆனா ஒண்ணுமே அப்படி இல்ல. அந்த சந்தோஷத்துல...”

“யாரு சொன்னா?”

மாமாவை லேசாகத் திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான். அறையில் இருந்த எல்லாரும் என்னோடு சேர்ந்து திரும்பினார்கள்.

“நான் எங்க சொன்னேன்? ஊர்ல அப்படி ஒரு பேச்சு... இங்கயே ஒரு டீக்கடையில...” மாமா அவசரத்தில் தண்ணீர் குடித்தார். அது என்னுடைய டம்ளர், அதில் டீ இருந்தது. “நல்ல டீ” என்றார்.

ரைட்டரின் மனைவி அப்போதும் மெல்லிய குரலில்தான் கேட்டார்: “நான் சத்தம் போட்டா எதுவரைக்கும் கேக்கும்னு சொன்னாங்க?” மாமா சந்தை இருக்கும் திசையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

நாள் குறிக்கவில்லை. ரைட்டர் வாசல்வரை வந்து, அதே போல் கைகூப்பினார்.

“அண்ணாச்சி, பொண்ணைக் கோயில்ல வெச்சுப் பாத்தோம். உங்க வீட்டை நாங்க பாக்கல. அடுத்த ஞாயித்துக்கிழமை வாரோம். நாங்களும் ஆச்சரியப்படணும்ல? அதுக்கப்புறம் யோசிப்போம்.”

ஆம்னி நெடுமங்காட்டுக்குத் திரும்பி வரும்போது அக்கா போன் செய்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எடுத்தேன்.

“எப்பிடிலே இருந்துச்சு? யாரு பேசினா? மாமாவா?”

“நான்தான்க்கா. இங்கிலீஷ்ல.”

“ஐயோ, நிஜமாவா!” அவள் சிரித்தாள். “அவங்களுக்குப் பிடிச்சுதா?”

“வீட்டுக்கு வந்து சொல்லுதேன்” என்று வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா திட்டவில்லை. பேசிய வாக்கியங்களை ஒன்று விடாமல் திரும்பச் சொல்லச் சொன்னாள். ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். வீட்டில் பொறுத்தாள், குரங்கில் பொறுத்தாள், குடியில் கண்ணை மூடிக்கொண்டாள். கடைசி வாக்கியத்தில் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

“டீயையுமாடா சொன்ன?”

அதன்பின் ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. மெஷின் மட்டும் ஓடியது. சதீஷிடமிருந்து போன் வந்தது. தன் அப்பா ரொம்ப வருத்தத்தில் இருக்கிறார், இரண்டு நாள் கழித்துப் பேசுகிறேன் என்று சொன்னாராம். இரண்டு நாள் மூன்றாயிற்று, நாலாயிற்று. தனியாகச் சிரிக்கும் பழக்கம் அவளை விட்டுப் போய்விட்டது. எனக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. (துரையின் கடிதம் அடுத்தவனுக்கு மட்டுமல்ல, எழுதினவனுக்கும் வேலை செய்யும் போல.)

விதுராக்காரர் எங்கள் வீட்டில் எதைப் பார்த்து ஆச்சரியப்பட முடியும்? அப்பா வீட்டை முதன்முறையாக அந்நியன் கண்ணால் பார்த்தார். பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். குளியலறைக்குக் கதவே இல்லை, பழைய சாக்குதான் தொங்கியது. சுவரில் இருந்த நிறத்துக்குப் பெயர் கிடையாது. உட்கார இரண்டு நாற்காலி, அதில் ஒன்றில் உட்காரக் கூடாது. அப்பா சீட்டுப் பணத்தை எடுத்தார். திங்கட்கிழமை பெயின்டர் வந்தான். செவ்வாய்க்கிழமை கதவு வந்தது. புதன்கிழமை கதவு நிலையில் பொருந்தவில்லை என்று தெரிந்தது. வியாழக்கிழமை நிலையையே மாற்றினார்கள். வெள்ளிக்கிழமை அம்மா, “ஆசாரியே நிக்காரு, மேலே அந்த ஒழுகுற ஓட்டையும்...” என்று இழுத்தாள். மாமா பிராயச்சித்தமாகத் தன் வீட்டு சோபாவைத் தலையில் சுமந்து கொண்டுவந்தார். சந்துக்குள் அது திரும்பவில்லை. ஒரு கையை அறுத்துத்தான் உள்ளே கொண்டுவந்தோம்.

எல்லாம் செய்தோம். பின்னால் இருந்த கிடங்கை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரைட்டர் மனைவியோடும் சதீஷோடும் வந்தார். வாசலில் கால் வைத்ததும் மிளகாய் நெடி அவரை வரவேற்றது. எங்களுக்குப் பழகிப்போன காற்று. அவர் தும்மினார். அடுத்தடுத்து ஒன்பது தும்மல். நான் எண்ணினேன். வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு, அதனால் வேறு வேலை இல்லை. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புதுச் சுவர், புதுக் கதவு, ஒற்றைக் கை சோபா எல்லாவற்றையும் மெதுவாகப் பார்த்தார். பெயின்ட் வாசனை அவருக்குத் தெரியாமல் இருக்குமா? சோபாவில் உட்கார்ந்தார். கை இல்லாத பக்கம்.

அப்பா கைகட்டி நின்றார். “சம்பந்தி... அவன் தெரியாம...”

“நீங்க இருங்க அண்ணாச்சி. நான் பாக்க வந்தது வீட்டை இல்ல. எங்களைப் பத்தி இவ்வளவு மோசமா நெனச்சுக்கிட்டுப் பொண்ணு குடுக்க வந்தீங்களே, எதுக்கு? அதைத்தான் கேட்டுட்டுப் போக வந்தேன்.”

மாமா சோபாவின் அறுபட்ட இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அப்போது அக்கா டீத் தட்டோடு உள்ளே வந்தாள். குனிந்த தலை, மெல்லிய நடை எதுவும் இல்லை. தட்டை வைத்துவிட்டு நேராக அவரைப் பார்த்தாள்.

“மாமா, நான் சொல்லுதேன். ஊருல சொன்ன கொறை எல்லாம் எனக்கும் தெரியும், சுடலை மாமா பொறப்படுறதுக்கு முந்தின நாளே எங்கிட்ட வந்து சொல்லிட்டாரு. கக்கூஸ் வெளியன்னா நான் நடந்துக்கிடுவேன், கொரங்கு வந்தா வெரட்டிக்கிடுவேன், உங்க மகன் போதும்னு நான்தான் சொன்னேன். அதுனாலதான் வந்தாங்க.”

சதீஷ் தரையைப் பார்த்துச் சிரித்தார்.

“பின்ன, இவன்.” அக்கா என் பக்கம் கையை நீட்டினாள். “எங்க வீட்டுல படிச்சவன் இவன் ஒருத்தன்தான் மாமா. மத்த எல்லாருக்கும் புத்தி இருக்கு.”

முதலில் சிரித்தது அந்த மெல்லிய குரல் அம்மாதான். சிரிப்பு மட்டும் மெல்லியதாக இல்லை. சந்தைவரை கேட்டிருக்கும். பிறகு ரைட்டர் சிரிக்கத் தொடங்கி, நடுவில் தும்மி, மறுபடி சிரித்தார். டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். ஆரியசாலை டீத்தூள், பாக்கெட் பால், மிளகாய்க் காற்று.

“டீ மோசம்” என்றார். “மோசம்னா மோசம். ஆச்சரியமே இல்ல. நாளைப் பாருங்க அண்ணாச்சி.”

அக்கா கல்யாணம் நடந்து இப்போது நாலு வருஷம் ஆகிறது. கல்யாணப் பத்திரிகையின் இங்கிலீஷ் பக்கத்தை ரைட்டரே எழுதினார். என்னை ‘பெண்ணின் தம்பி’ என்று போட்டதோடு சரி, அதில் உணர்ச்சி எதுவும் சேர்க்கவில்லை. அக்கா மகனுக்குப் பேச்சு வந்தபோது, அவன் தாத்தா மெனக்கெட்டு உட்கார்ந்து அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நான் விதுராவுக்குப் போய் இறங்கினால், “சர்பைசிங்லி மாமா வந்தாச்சு” என்று உள்ளே பார்த்துக் கத்துகிறான். சந்தையில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். ஆடிட்டர் ஆபீசில் நான் வாக்கியங்களை மொட்டையாகவே தொடங்குகிறேன், இரண்டு முறை சம்பளம் உயர்ந்திருக்கிறது.

அப்பா இன்னும் மூட்டை சுமக்கிறார். கிடங்கில் புதிதாக வருகிறவர்கள், மகனை இவ்வளவு படிக்க வைக்க நிறையச் செலவாகியிருக்குமே என்று அவரிடம் கேட்பார்கள். அப்பா மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நிதானமாகச் சொல்வார்:

“படிக்க வெக்க ஒண்ணும் செலவில்ல, சர்க்கார் பள்ளிக்கூடம். அவன் ஒருக்கா எந்திச்சுப் பேசினான், அதுக்குத்தான் நாப்பத்தோராயிரத்து முந்நூறு ரூவா.”